கெய்டாஃபெல்: அணைந்த புவிவெப்ப அமைப்பை வரைபடமாக்கிய வரலாறு

கெய்டாஃபெல் என்பது தென்கிழக்கு ஐஸ்லாந்தில், ஹோர்னாஃபியோர்துர் பகுதியில், வாட்னாயோகுல் பனிப்பாறையின் தென்கிழக்கு ஓரத்தில் அமைந்துள்ள அணைந்த எரிமலையாகும். ஐஸ்லாந்திய மொழியில் இப்பெயருக்கு ஆடுகளின் மலை என்று பொருள். சுமார் 50 முதல் 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் இயங்கிய இந்த எரிமலையின் மேற்பகுதியில் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் உயரம் அரிக்கப்பட்டுவிட்டது. அதனால் ஒரு காலத்தில் எரிமலைக்கு அடியில் கொதித்துச் சுழன்ற வெந்நீர் அமைப்பின் உட்பகுதி இன்று மலைச்சரிவுகளில் வெளிப்பட்டுக் கிடக்கிறது. இத்தகைய அமைப்பு 'புதைபடிவப் புவிவெப்ப அமைப்பு' எனப்படுகிறது.

இதன் நிலவியல் வரைபடம் 1980-களின் தொடக்கத்தில் ஐஸ்லாந்து நிலவியலாளர் குத்முந்துர் ஓமர் ஃப்ரித்லெய்ஃப்சனால் உருவாக்கப்பட்டது. அதற்கு அடித்தளமாக 1950-களில் இருந்து கிழக்கு ஐஸ்லாந்தில் நடந்த வரைபடமாக்கல் பணிகள் அமைந்தன. இயங்கும் புவிவெப்பக் களங்களில் ஆழ்துளைக் கிணறு தோண்டுவோர் கண்ணால் காண முடியாத ஆழத்தை, அணைந்த களத்தில் நடந்துசென்று பார்க்க முடியும் என்பதே இப்பணிகளின் பயன். இந்த அறிவு பின்னாளில் உலகின் மிக வெப்பமான கிணறுகளைத் தோண்டும் முயற்சிவரை நீண்டது.

நிலப் பின்னணி

ஐஸ்லாந்து அட்லாண்டிக் நடுக்கடல் முகட்டின் மேல் அமைந்த தீவு. வட அமெரிக்கத் தட்டும் யூரேசியத் தட்டும் இங்கே ஆண்டுக்குச் சுமார் 2 செ.மீ. வீதம் விலகிச் செல்கின்றன. விலகும் இடைவெளியில் கற்குழம்பு மேலெழுந்து புதிய நிலம் உருவாகிறது. பழைய நிலம் இருபுறமும் தள்ளப்படுகிறது. எனவே தீவின் நடுப்பகுதியில் இளம்பாறைகளும் கிழக்கு, மேற்கு ஓரங்களில் முதிய பாறைகளும் காணப்படுகின்றன. கெய்டாஃபெல் ஒரு காலத்தில் பிளவு மண்டலத்தில் இயங்கி, பின்னர் அங்கிருந்து விலகி, வெப்பத்தை இழந்து அணைந்த எரிமலைகளில் ஒன்று.

அணைந்த எரிமலையைத் திறந்து காட்டியது பனி. கடந்த சுமார் 30 லட்சம் ஆண்டுகளில் மீண்டும் மீண்டும் வந்த பனியுகங்களில் பனிப்பாறைகள் கிழக்கு ஐஸ்லாந்தின் லாவா அடுக்குகளைச் செதுக்கி ஆழமான பள்ளத்தாக்குகளையும் கடல்நுழை கழிகளையும் உருவாக்கின. ஆயிரம் மீட்டர் உயரமுள்ள சரிவுகளில் லாவா அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக, அடுக்கிவைத்த பலகைகள் போலத் தெரிகின்றன. மண்மூட்டமும் மரங்களும் குறைவாக இருப்பதால் பாறையைத் தேடித் தோண்ட வேண்டிய தேவை இல்லை. நிலவியலாளர் ஒருவர் ஓடைவழியே ஏறினாலே பல லட்சம் ஆண்டுகளின் படிவுகளைக் கடந்துவிடலாம்.

முன்னோடிகள்

இப்பகுதியின் கனிமங்கள் நிலவியல் வரைபடங்களுக்கு முன்பே அறிவியலில் இடம்பெற்றுவிட்டன. கிழக்கு ஐஸ்லாந்தின் எஸ்கிஃபியோர்துர் அருகே உள்ள ஹெல்குஸ்தாதிர் சுரங்கத்தில் பசால்ட் பாறையின் பிளவுகளில் தெளிந்த கால்சைட் படிகங்கள் கிடைத்தன. 'ஐஸ்லாந்து ஸ்பார்' என அழைக்கப்பட்ட இப்படிகத்தின் வழியே பார்த்தால் ஒரு பொருள் இரண்டாகத் தெரியும். டென்மார்க்கைச் சேர்ந்த ராஸ்முஸ் பார்தோலின் 1669-ல் இந்த இரட்டை ஒளிவிலகலை விவரித்தார். ஸ்காட்லாந்தின் வில்லியம் நிக்கோல் 1828-ல் ஐஸ்லாந்து ஸ்பாரை வெட்டி ஒட்டி, ஒளியை ஒரு தளத்தில் மட்டும் அதிரச் செய்யும் பட்டகத்தை உருவாக்கினார். பாறைகளை மெல்லிய சீவலாக்கிப் பார்க்கும் நுண்ணோக்கிகளில் நிக்கோல் பட்டகம் நெடுங்காலம் பயன்பட்டது. வெந்நீர் பாறைப் பிளவில் படியவைத்த ஒரு கனிமம், உலகின் பிற பாறைகளைப் படிக்கும் கருவியாக மாறியது.

ஜெர்மானிய வேதியியலாளர் ராபர்ட் புன்சன், ஹெக்லா எரிமலை வெடிப்பை அடுத்து 1846-ல் ஐஸ்லாந்துக்குச் சென்றார். வெந்நீர் ஊற்றுகளின் வெப்பநிலையை ஆழத்தில் அளந்ததோடு, வெந்நீரும் வாயுக்களும் சுற்றியுள்ள பாறையை வேதியியல் முறையில் மாற்றுவதையும் ஆராய்ந்தார். வெந்நீர் செல்லும் வழியெங்கும் பாறையைக் கரைத்து, வேறு கனிமங்களைப் படியவைத்துச் செல்கிறது என்ற இக்கருத்தே பிற்கால வரைபடமாக்கலின் வேர்.

ஜார்ஜ் வாக்கரும் சியோலைட் மண்டலங்களும்

ஜார்ஜ் வாக்கர் (1926–2005) லண்டனில் பிறந்து பெல்ஃபாஸ்ட்டில் நிலவியல் பயின்றவர். வட அயர்லாந்தின் ஆண்ட்ரிம் பசால்ட் பாறைகளில் உள்ள இரண்டாம் நிலைக் கனிமங்கள் அவருடைய முனைவர் பட்ட ஆய்வுப் பொருள். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்தபோது, 1950-களின் நடுப்பகுதியிலிருந்து சுமார் பத்து ஆண்டுகள் கோடைதோறும் கிழக்கு ஐஸ்லாந்துக்குச் சென்று வரைபடப் பணி செய்தார்.

லாவா குளிரும்போது அதிலுள்ள வாயுக்கள் குமிழிகளாகச் சிக்கிக்கொள்கின்றன. மிளகளவு முதல் நெல்லிக்காய் அளவுவரை உள்ள இந்த வெற்றிடங்களில், பின்னர் ஊடுருவும் வெந்நீர் கனிமங்களைப் படியவைக்கிறது. அவற்றுள் முதன்மையானவை சியோலைட்டுகள். நீர்மூலக்கூறுகளைத் தம் கட்டமைப்புக்குள் தாங்கியிருக்கும் அலுமினிய சிலிக்கேட் கனிமங்கள் இவை. அருங்காட்சியகங்களும் சேகரிப்பாளர்களும் இவற்றை அழகிய படிகங்களாகவே மதித்துவந்தனர். வாக்கர் எந்தச் சியோலைட் எந்த உயரத்தில் கிடைக்கிறது என்பதை மலை மலையாகக் குறித்துக்கொண்டார்.

அப்படிக் குறித்ததில் ஓர் ஒழுங்கு வெளிப்பட்டது. மலையுச்சிகளில் சியோலைட் அற்ற மண்டலம் இருந்தது. அதன்கீழ் சாபசைட்டும் தாம்சோனைட்டும், அடுத்து அனால்சைமும், அதற்கும் கீழே மெசோலைட்டும் ஸ்கோலெசைட்டும் மிகுந்த மண்டலங்கள் இருந்தன. மேலும் ஆழமாக அரிக்கப்பட்ட பகுதிகளில் லாமோண்டைட் தோன்றியது. லாவா அடுக்குகள் மேற்குநோக்கிச் சாய்ந்திருந்தன. கனிம மண்டலங்களோ ஏறக்குறைய கிடைமட்டமாக அந்த அடுக்குகளைக் குறுக்கே வெட்டிச் சென்றன.

இந்தக் குறுக்குவெட்டுதான் முக்கியமான சான்று. ஒவ்வொரு லாவாவும் பாய்ந்தவுடன் சியோலைட் உருவாகியிருந்தால், மண்டலங்களும் லாவாவுடன் சேர்ந்து சாய்ந்திருக்க வேண்டும். அப்படி இல்லாததால், அடுக்குகள் குவிந்து சாய்ந்த பின்னரே கனிமங்கள் படிந்தன என்பது தெரிந்தது. மண்டலங்கள் அக்கால நிலமட்டத்திலிருந்து உள்ள ஆழத்தையும் அந்த ஆழத்தின் வெப்பத்தையும் காட்டின. இதைக்கொண்டு, அரிக்கப்பட்டு மறைந்துபோன லாவாப் பீடபூமியின் மேற்பரப்பு இன்றைய மலையுச்சிகளுக்கு மேல் எங்கே இருந்திருக்கும் என்பதையும் கணிக்க முடிந்தது. இம்முடிவுகளை வாக்கர் 1960-ல் வெளியிட்டார்.

லாவாவைச் செங்குத்தாகத் துளைத்து நிற்கும் டைக் எனப்படும் பாறைச்சுவர்களையும் அவர் எண்ணினார். பிளவுகளில் ஏறிய கற்குழம்பு உறைந்து உருவானவை இவை. ஒவ்வொரு டைக்கும் தன் தடிமன் அளவுக்கு நிலத்தை விலக்கியிருக்கிறது. ஆகவே டைக்குகளின் தடிமனைக் கூட்டினால் நிலம் எவ்வளவு விரிந்தது என்பது கிடைக்கும். ஐஸ்லாந்துப் புவிவெப்ப ஆய்வின் முன்னோடியான குன்னார் பொத்வார்சனும் வாக்கரும் சேர்ந்து 1964-ல் ஐஸ்லாந்தின் நிலவோடு நகர்வதைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டனர். தட்டுப் புவிப்பொறைக் கோட்பாடு பரவலாக ஏற்கப்படுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே வந்த கட்டுரை அது.

மைய எரிமலைகளின் பச்சை உள்ளகம்

கிடைமட்டமாகச் செல்லும் சியோலைட் மண்டலங்கள் சில இடங்களில் மட்டும் குவிமாடம்போல் மேல்நோக்கி வளைந்தன. ஆழத்தில் மட்டும் காணவேண்டிய உயர்வெப்பக் கனிமங்கள் அங்கே மேலே வந்திருந்தன. அந்த இடங்கள் பழைய மைய எரிமலைகளாக இருந்தன. மைய எரிமலை என்பது பிளவுகளின் வழியே மட்டும் லாவாவைக் கக்காமல், ஒரே மையத்தில் நெடுங்காலம் இயங்கி, பசால்ட்டோடு சிலிக்கா மிகுந்த ரயோலைட் பாறையையும் உருவாக்கும் எரிமலை.

வாக்கர் 1963-ல் விவரித்த பிரெய்த்தாலூர் மைய எரிமலையின் உள்ளகத்தில் பாறைகள் தம் கருநிறத்தை இழந்து பச்சையும் சாம்பலும் கலந்த நிறமாக மாறியிருந்தன. அவருடைய மாணவரான இயன் கார்மைக்கேல் அருகிலுள்ள திங்முலி எரிமலையை ஆராய்ந்து, அதன் பாறை வேதியியலை 1964-ல் வெளியிட்டார்.

பச்சை நிறம் குளோரைட், எபிடோட் ஆகிய கனிமங்களால் வருவது. எரிமலையின் அடியிலிருந்த கற்குழம்பு அறை வெப்பத்தைத் தந்தது. மேலிருந்து இறங்கிய மழைநீரும் பனிநீரும் சூடாகி மேலெழுந்து மீண்டும் இறங்கிச் சுழன்றன. அந்தச் சுழற்சியின் தடமே பச்சைப் பாறை. இவ்வாறு ஒவ்வொரு பழைய மைய எரிமலைக்குள்ளும் ஒரு புவிவெப்பக் களம் உறைந்திருப்பது தெளிவானது. ஆனால் அக்கனிமங்கள் எத்தனை டிகிரி வெப்பத்தில் உருவாயின என்பதை மலைச்சரிவு மட்டும் சொல்லவில்லை. அதற்கான அளவுகோல் இயங்கும் களங்களிலிருந்து வந்தது.

கிணறுகள் தந்த அளவுகோல்

ஐஸ்லாந்தில் 1970-களில் உயர்வெப்பக் களங்களில் ஆழ்துளைக் கிணறுகள் தோண்டப்பட்டன. கிணற்றிலிருந்து வெளிவரும் பாறைத்துகளையும், அதே ஆழத்தில் அளக்கப்பட்ட வெப்பநிலையையும் ஒப்பிட முடிந்தது. ஹ்ரெப்னா கிறிஸ்ட்மன்ஸ்தோத்திர், யென்ஸ் தோமாசன் ஆகியோர் இந்த ஒப்பீட்டைச் செய்தனர். அவர்கள் 1978-ல் வெளியிட்ட ஆய்வில், வாக்கர் மலைகளில் கண்டதைப் போன்ற சியோலைட் வரிசை கிணறுகளிலும் வெப்பநிலையோடு பொருந்திவருவது காட்டப்பட்டது. சாபசைட் சுமார் 70°C-க்குக் கீழும், மெசோலைட்டும் ஸ்கோலெசைட்டும் சுமார் 70–90°C வெப்பத்திலும், ஸ்டில்பைட் 90–110°C வெப்பத்திலும், லாமோண்டைட் 110°C-க்கு மேலும் கிடைத்தன.

மேலும் வெப்பமான பகுதிகளுக்குக் களிமண் கனிமங்கள் வழிகாட்டின. சுமார் 200°C-க்குக் கீழ் ஸ்மெக்டைட் நிலைத்தது. 200 முதல் 230°C வரை ஸ்மெக்டைட்டும் குளோரைட்டும் கலந்த அடுக்குக் களிமண் உருவானது. அதற்குமேல் குளோரைட் மட்டும் நின்றது. எபிடோட் சுமார் 240°C-ஐ ஒட்டியும், ஆக்டினோலைட் சுமார் 280°C-க்கு மேலும் தோன்றின.

இதன்பின் ஒரு கைப்பிடிப் பாறைத்துகள் வெப்பமானியாகப் பயன்படத் தொடங்கியது. கிணறு தோண்டும்போது குளிர்ந்த நீர் ஓயாமல் உள்ளே செலுத்தப்படுவதால் அப்போது உண்மையான வெப்பநிலையை அளக்க இயலாது. வெளிவரும் துகளில் எபிடோட் தென்பட்டால், தோண்டுமுனை உயர்வெப்பப் பகுதியை அடைந்துவிட்டது என்று நிலவியலாளர் அங்கேயே சொல்லலாம். உலோகக் குழாய்களை எந்த ஆழம்வரை இறக்கிச் சிமெண்ட் பூச வேண்டும் என்ற முடிவும் இத்தகைய தகவலைச் சார்ந்தது.

ஆயினும் கிணறு என்பது ஒரு சாண் அகலமே உள்ள செங்குத்துத் துளை. அதன் இருபுறமும் என்ன இருக்கிறது, நீர் எந்தப் பிளவின் வழியே வருகிறது, வெப்ப மூலத்தின் வடிவம் என்ன என்பவற்றைத் துகள்களால் காட்ட முடியாது. அந்தக் குறையை நிரப்ப, ஆழமாக அரிக்கப்பட்ட ஓர் அணைந்த களம் தேவைப்பட்டது.

கெய்டாஃபெல் வரைபடம்

குத்முந்துர் ஓமர் ஃப்ரித்லெய்ஃப்சன் இப்பணிக்குக் கெய்டாஃபெல்லைத் தேர்ந்தெடுத்தார். தமிழரிடையே போலவே ஐஸ்லாந்திலும் தந்தையின் பெயரைச் சேர்த்து எழுதுவதே மரபு என்பதால் ஆளை முதற்பெயரால் குறிப்பிடுவர். குத்முந்துர் இந்த எரிமலையின் நிலவியலையும் கனிம மாற்ற வரலாற்றையும் ஆராய்ந்த ஆய்வேட்டை 1983-ல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் அளித்தார்.

கெய்டாஃபெல்லின் சிறப்பு அதன் அரிப்பின் ஆழம். பிரெய்த்தாலூர் போன்ற எரிமலைகளில் பச்சை உள்ளகம் தெரிந்தாலும் வெப்பமூலம் மறைந்தே இருக்கிறது. கெய்டாஃபெல்லில் கற்குழம்பு ஆழத்தில் மெல்லக் குளிர்ந்து உறைந்த கேப்ரோ பாறை வெளியே தெரிகிறது. வெப்பமூலமும் அதைச் சூழ்ந்த வெந்நீர் அமைப்பும் ஒரே நிலப்பரப்பில் அருகருகே உள்ளன.

*களப்பணி முறை*

இத்தகைய வரைபடம் இரண்டு தாள்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்ததைப் போன்றது. முதல் தாளில் பாறைகள் இடம்பெறும். லாவா எது, பனிக்கடியில் வெடித்துச் சிதறிய கண்ணாடித் துகள்பாறை எது, ஊடுருவிய டைக், சாய்தகடு, கேப்ரோ எவை என்பன அதில் குறிக்கப்படும். ஒவ்வொன்றின் சாய்வும் திசையும் திசைகாட்டியும் சாய்வுமானியும் கொண்டு அளக்கப்படும். இரண்டாம் தாளில் அப்பாறைகளுக்குப் பின்னாளில் நேர்ந்த மாற்றம் இடம்பெறும். குமிழிகளிலும் பிளவுகளிலும் உள்ள கனிமங்கள் கைவில்லையால் முதலில் பார்க்கப்படும். எடுத்துவந்த மாதிரிகளின் மெல்லிய சீவல்கள் நுண்ணோக்கியிலும், களிமண் கனிமங்கள் எக்ஸ்-கதிர் விளிம்பு விலகல் முறையிலும் அடையாளம் காணப்படும்.

ஒரு கனிமம் முதன்முதலாகத் தோன்றும் இடங்களைக் கோட்டால் இணைத்தால் மண்டல எல்லை கிடைக்கும். எபிடோட் தோன்றும் கோடு, அக்காலத்தில் சுமார் 240°C வெப்பம் நிலவிய இடங்களை இணைக்கும் கோடாகும். இவ்வாறு பாறையின் மேல் பல லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய வெப்பநிலை வரையப்படுகிறது.

*மண்டலங்கள்*

கெய்டாஃபெல்லில் வெளியிலிருந்து உள்ளே செல்லும்போது ஸ்மெக்டைட்டும் சியோலைட்டும் உள்ள பகுதி முதலில் வருகிறது. அடுத்துக் குளோரைட்டும், பின் எபிடோட்டும் தோன்றுகின்றன. கேப்ரோவை நெருங்கும்போது ஆண்ட்ரடைட் எனப்படும் இரும்பும் கால்சியமும் மிகுந்த கார்னெட் வகையும் ஆக்டினோலைட்டும் காணப்படுகின்றன. கிணறுகளில் மேலிருந்து கீழாகக் கண்ட வரிசை இங்கே பக்கவாட்டிலும் விரிந்திருக்கிறது. ஓர் ஆய்வாளர் குளிர்ந்த ஓரத்திலிருந்து வெப்பமூலத்தின் விளிம்புவரை ஒரே நாளில் நடந்து சென்றுவிடலாம்.

*நாளங்களின் வரிசை*

மண்டலங்களைவிட நுட்பமான தகவல் கனிம நாளங்களில் இருந்தது. பிளவு ஒன்றில் வெந்நீர் கனிமத்தைப் படியவைக்கும்போது சுவரோரம் முதலிலும் நடுப்பகுதி கடைசியிலும் நிரம்பும். எனவே சுவரிலிருந்து நடுவரை கனிமங்களைப் படித்தால் காலவரிசை கிடைக்கும். ஒரு நாளத்தை மற்றொன்று வெட்டிச் சென்றால் வெட்டியது இளையது. நாளத்தை டைக் வெட்டினால் டைக் பிந்தியது. டைக்கை நாளம் வெட்டினால் அந்த டைக் வந்த பின்னும் வெந்நீர் ஓடியிருக்கிறது.

இந்த எளிய விதிகளை நூற்றுக்கணக்கான இடங்களில் பொருத்திப் பார்த்ததில் எரிமலையின் வெப்ப வரலாறு வெளிப்பட்டது. கற்குழம்பு பல கட்டங்களாக ஊடுருவியிருந்தது. ஒவ்வொரு ஊடுருவலும் களத்தைப் புதிதாகச் சூடாக்கியது. பாறையை உடைத்து நீருக்கு வழியும் திறந்தது. நாளடைவில் கனிமங்கள் படிந்து அவ்வழிகள் அடைபட்டன. மறுபடியும் உடைந்தபோது நீர் மறுபடியும் ஓடியது. இறுதியில் புதிய கற்குழம்பு வராமல் போனதும், முன்பு எபிடோட் உருவான அதே பிளவுகளில் கால்சைட்டும் தாழ்வெப்பச் சியோலைட்டுகளும் படிந்தன. களம் குளிர்ந்து முடிந்ததற்கான கடைசிப் பதிவு அது.

வரைபடத்தின் எச்சரிக்கை

கெய்டாஃபெல் தந்த பாடங்களுள் நடைமுறையில் பெரிதும் பயன்படுவது ஓர் எச்சரிக்கை. ஒரு பாறையில் எபிடோட் இருப்பது, அங்கே என்றோ ஒருநாள் சுமார் 240°C வெப்பம் இருந்ததைக் காட்டும். இன்றும் அவ்வெப்பம் இருப்பதாக அதற்குப் பொருளில்லை. கெய்டாஃபெல்லின் எபிடோட் பாறைகள் இன்று வெயிலிலும் மழையிலும் குளிர்ந்து கிடக்கின்றன. கனிமம் உருவான பிறகு எளிதில் அழிவதில்லை.

இயங்கும் களத்திலும் இதே நிலை ஏற்படலாம். களத்தின் ஒரு பகுதி குளிர்ந்துகொண்டிருக்கும்போது அங்கே கிணறு தோண்டினால், துகள்கள் 250°C-ஐச் சொல்லும். வெப்பமானியோ அதைவிட மிகக் குறைவாகக் காட்டும். ஆழ்துளைக் கிணறு ஒவ்வொன்றுக்கும் பெருந்தொகை செலவாவதால் இந்த வேறுபாட்டை அறியாமல் இருப்பது பெரும் இழப்பில் முடியும். எபிடோட்டின் மேல் பின்னர் படிந்த தாழ்வெப்பக் கனிமம் உண்டா என்று பார்ப்பது இதற்குத் தீர்வு. உண்டெனில் களம் குளிர்கிறது. தாழ்வெப்பக் களிமண்ணை உயர்வெப்பக் கனிமம் மாற்றத் தொடங்கியிருந்தால் களம் சூடாகிறது. நாளத்தின் கடைசிக் கனிமமே இன்றைய நிலைக்கு மிக நெருக்கமான சாட்சி. இந்த வாசிப்பு முறைக்கு, தொடக்கமும் முடிவும் ஒருங்கே தெரியும் ஓர் அணைந்த களமே சிறந்த பாடநூல்.

இயங்கும் களங்களுக்குத் திரும்புதல்

ஆழத்தில் உள்ளதை அறியாமல் தோண்டுவதன் இடர் அக்காலத்தில் வடகிழக்கு ஐஸ்லாந்தில் கண்முன் நிகழ்ந்தது. கிராஃப்லா எரிமலைக் களத்தில் மின்நிலையம் அமைக்க 1974-ல் தோண்டும் பணி தொடங்கியது. 1975 டிசம்பர் 20 அன்று அங்கே எரிமலை வெடிப்புத் தொடங்கி, 1984 வரை விட்டுவிட்டு நிகழ்ந்தது. கற்குழம்பிலிருந்து வந்த வாயுக்கள் கிணற்று நீரை அமிலமாக்கி உலோகக் குழாய்களை அரித்தன. 1977 செப்டம்பர் 8 அன்று அருகிலுள்ள நாமாஃபியாட்ல் களத்தில், சுமார் 1,100 மீட்டர் ஆழமுள்ள கிணறு ஒன்றின் வழியே லாவாத் துகள்களே வெளியே கக்கப்பட்டன. 60 மெகாவாட் திறனுக்குத் திட்டமிட்ட கிராஃப்லா நிலையத்தின் இரண்டாம் சுழலி 1997-ல்தான் இயங்கத் தொடங்கியது.

இத்தகைய களங்களில் வழக்கமான கிணறுகள் 2 முதல் 3 கிலோமீட்டர் ஆழத்தில் நின்றுவிடும். கெய்டாஃபெல்லில் கேப்ரோவின் விளிம்பிலும் அதற்குள்ளும் கனிம நாளங்கள் இருந்தன. உறைந்த கற்குழம்பின் ஓரம்வரை நீர் இறங்கிச் சுழன்றிருக்கிறது என்பதற்கு அவை சான்று. அப்படியானால் இயங்கும் களங்களிலும் வழக்கமான கிணறுகளுக்குக் கீழே இன்னும் வெப்பமான நீர் இருக்க வேண்டும்.

தூய நீர் 374°C வெப்பத்தையும் 221 பார் அழுத்தத்தையும் தாண்டினால் திரவத்துக்கும் ஆவிக்கும் வேறுபாடில்லாத மீமாறுநிலையை அடைகிறது. அந்நிலையிலுள்ள நீரை மேலே கொணர்ந்தால் ஒரே கிணறு பல மடங்கு ஆற்றலைத் தரக்கூடும். இந்த நோக்கத்துடன் ஐஸ்லாந்து ஆழ்துளைத் திட்டம் 2000-ல் தொடங்கப்பட்டது. அதன் தலைமை ஆய்வாளர்களாகக் குத்முந்துரும் அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்ஃபிரட் எல்டர்சும் பணியாற்றினர்.

முதல் கிணறு கிராஃப்லாவில் 2009-ல் தோண்டப்பட்டது. 4 கிலோமீட்டருக்கு மேல் செல்லத் திட்டமிட்டிருந்த அக்கிணறு சுமார் 2,100 மீட்டர் ஆழத்திலேயே ரயோலைட் கற்குழம்பைத் தொட்டது. பணி நிறுத்தப்பட்டாலும் கிணறு கைவிடப்படவில்லை. கற்குழம்பின் மேலிருந்த பாறையிலிருந்து வந்த ஆவி, கிணற்று வாயிலில் ஏறத்தாழ 450°C வெப்பத்தைக் காட்டியது. 2012-ல் அடைப்பிதழ் கோளாற்றால் கிணறு மூடப்பட்டது.

இரண்டாவது கிணறு தென்மேற்கே ரெய்க்யானெஸ் முனையில், ஏற்கெனவே இருந்த 2.5 கிலோமீட்டர் கிணற்றை ஆழப்படுத்தித் தோண்டப்பட்டது. 2017 ஜனவரி 25 அன்று அது 4,659 மீட்டர் ஆழத்தில் நிறைவடைந்தது. அடியில் 427°C வெப்பமும் 340 பார் அழுத்தமும் அளக்கப்பட்டன. மிக ஆழத்தில் எடுத்த பாறைத்தண்டுகளில் உயர்வெப்பத்தில் உருவாகும் ஆம்ஃபிபோல் போன்ற கனிமங்கள் இருந்தன. அணைந்த எரிமலைகளின் வேர்களில் காணும் மாற்றம் இங்கே இயங்கும் களத்தின் அடியில் நிகழ்ந்துகொண்டிருந்தது.

பிற்கால ஆய்வுகள்

வாக்கரின் நினைவாக 2009-ல் வெளியான எரிமலையியல் தொகுப்பு நூலில் கெய்டாஃபெல்லின் உட்கட்டமைப்பைப் பற்றிய கட்டுரை இடம்பெற்றது. எரிமலையைச் சூழ்ந்துள்ள சாய்தகடுகளின் திசையையும் சாய்வையும் அளந்து, அவை கீழ்நோக்கி நீட்டப்பட்டால் எங்கே கூடும் என்று கணக்கிடும் முறையை அந்த ஆய்வாளர்கள் கையாண்டனர். 2011-ல் இதே முறை கெய்டாஃபெல்லிலும் தியூர்ஃபியோட்ல் எரிமலையிலும் முப்பரிமாண அளவில் விரிவாக்கப்பட்டது. மேற்பரப்பில் எடுத்த அளவுகளிலிருந்து ஆழத்திலிருந்த கற்குழம்பு அறையின் இடத்தையும் வடிவையும் கணிக்க இது வழிசெய்தது.

2018-ல் இத்தாலிய, ஐஸ்லாந்து ஆய்வாளர்கள் அடங்கிய குழு கெய்டாஃபெல்லின் பிளவுகளையும் கனிம நாளங்களையும் அளந்து, அவற்றைக் கிராஃப்லா களத்தைப் புரிந்துகொள்ளப் பயன்படுத்தும் ஆய்வை வெளியிட்டது. எந்தத் திசைப் பிளவுகள் நீரைக் கடத்தின, எவை அடைபட்டன என்ற கேள்விக்குக் கிணற்றைவிடப் பாறைவெட்டே தெளிவான விடை தரும் என்பது இத்தகைய ஆய்வுகளின் அடிப்படை.

மதிப்பீடு

கெய்டாஃபெல்லின் வரலாறு இரண்டு திசைகளில் நடந்த அறிவுப் பரிமாற்றத்தைக் காட்டுகிறது. வாக்கர் மலைகளில் கண்ட கனிம வரிசைக்குக் கிணறுகள் வெப்பநிலையைத் தந்தன. அந்த வெப்பநிலையைக் கொண்டு குத்முந்துர் மலையைப் படித்தார். மலையிலிருந்து பெற்ற புரிதல் மேலும் ஆழமான கிணறுகளுக்குத் துணையானது. கிணறு இன்றைய வெப்பத்தை அளக்கும். அதற்கு முந்தைய வரலாறு அதற்குத் தெரியாது. அணைந்த பாறையில் முழு வரலாறும் உண்டு, வெப்பம் இல்லை. ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பியது.

இந்த நெடிய பணியின் பெரும்பகுதி சுத்தியல், கைவில்லை, குறிப்பேடு ஆகியவற்றைக் கொண்டு குறுகிய கோடைக்காலங்களில் செய்யப்பட்டது. வாக்கர் சேர்த்த குறிப்புகளிலும் மாதிரிகளிலும் ஒரு பகுதி, அவர் வரைபடமாக்கிய கிழக்கு ஐஸ்லாந்தின் பிரெய்த்தால்ஸ்விக் சிற்றூரிலேயே இன்று பாதுகாக்கப்படுகிறது.